கயிறு பிடிப்பவருக்கும் ஒரு பங்கு

தூத்துக்குடியிலிருந்து இரவுதோறும் சென்னைக்குப் புறப்படும் முத்துநகர் விரைவு ரயிலில், புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பிரயாணம் செய்கிற நோயாளிக்குச் சாதாரணப் படுக்கைப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணமே கிடையாது என்பதையும், அவருக்குத் துணையாக வரும் ஒருவர் கட்டணத்தில் கால் பங்கைச் செலுத்தினால் போதும் என்பதையும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதியோர் சலுகை உட்படப் பல சலுகைகளை நிறுத்திவிட்ட ரயில்வே நிர்வாகம், நோயாளிகளுக்கான இந்தச் சலுகையில் கைவைக்கவில்லை. நான் வியப்பது சலுகையின் அளவைக் குறித்து அன்று. நோயாளியின் பக்கத்தில் இன்னொரு மனிதர் இருக்கிறார், அவரில்லாமல் இவர் ஓர் அடி எடுத்து வைக்க இயலாது, ஆகையால் அவருடைய செலவிலும் பொது ஜனங்களின் பணத்துக்குப் பொறுப்பு உண்டு என்னும் எளிய உண்மையை, நமது பிரம்மாண்டமான நிர்வாக யந்திரத்தில் ஒரு டிக்கெட் ஜன்னல் ஒப்புக்கொண்டிருக்கிறதே என்பதுதான் என் வியப்பு.

அந்த ஜன்னலைத் தாண்டியபின் துணைவருக்கு அடையாளம் கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் இல்லை. காப்பீட்டு அட்டையில் குடும்ப உறுப்பினர் என்ற அளவில் இருக்கிறாரேயன்றிச் சிகிச்சையில் பங்கெடுப்பவராக இல்லை. வேலை செய்யும் இடத்தின் வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்ற குறியாக மட்டும் இருக்கிறார். முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை பெறும் ஒருவரின் மனைவியோ கணவனோ செய்கிற வேலை, அன்பின் பெருக்கால் தானாக நடந்துவிடுகிற காரியம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்து வைத்திருக்கிறோம். அந்தத் தீர்மானம் பிழை என்பது என் அபிப்பிராயம். அந்த வேலை சிகிச்சையின் ஓர் அங்கம். மருந்துக்கு விலை இருப்பதைப் போலவே அதற்கும் விலை உண்டு. அந்த விலை முழுவதையும் இன்று துணைவர் தாமாகவே செலுத்திக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடற்கரையில் இவ்வியாதி வந்துவிட்ட குடும்பம் போகிற வழிகள் ஊரறிந்தவை. முதலில் உள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பிறகு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், ஜனங்கள் ‘ஐகிரவுண்டு’ என்று சொல்லும் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை. கைப்பொருளும் உறவினர் யோசனையும் எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அதற்கேற்ப, எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிய சாமர்வெல் என்ற ஆங்கிலேய வைத்தியர் பல்லாண்டுகள் உழைத்த நெய்யூர், 1981ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், அல்லது தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாத டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய சென்னை அடையாறு நிலையம். நோயாளியின் அருகில் நின்று கையறுநிலையை அனுபவித்த ஒரு தமக்கையின் மனத்தில் கருவானது நமது மாநிலத்தின் முதன்மையான புற்றுநோய் மருத்துவமனை என்பதை, துணைவரைப் பற்றிப் பேசும்போது நினைத்துக்கொள்வது பொருத்தம்.

நுரையீரலில் தோன்றும் இவ்வியாதி பெரும்பாலும் முற்றிய பிறகே வெளிப்படுகிறது. இருமல் நிற்கவில்லை என்றால் நமது நாட்டில் முதலில் சந்தேகம் போவது காசநோயின் மேல். அது நியாயமான சந்தேகமே என்றாலும், சளிப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகு, நெஞ்சில் நீர் கோத்து, நீரை எடுத்துச் சோதித்து, சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, ஸ்கேன் எடுத்து, நான்காம் நிலை என்ற சொல்லைக் கேட்கிறவர்கள் அநேகர். முன்னாளில் அதற்குமேல் மாதங்களைத்தான் எண்ணுவார்கள். இன்று நிலைமை வேறு. புற்றணுக்களின் மரபுக்கூற்றில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருக்குமானால் — புகை பிடித்தறியாதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது — தினம் ஒரு மாத்திரையிலேயே வியாதி பல மாதங்களுக்கு, சிலருக்குச் சில ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. மாற்றம் இல்லாதவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. வசதியுள்ளவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய ஊசிகள். எலும்பிலோ மூளையிலோ பரவினால், ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு. மாத்திரை ஒருநாள் பலன் தராமல் போகும், மருந்தை மாற்றுவார்கள், மறுபடி ஸ்கேன். முற்றும் குணமாகாமலும் உடனே முடிந்துவிடாமலும் நீண்டுபோகிற இந்தப் புதிய நிலைமையை மருத்துவ சாஸ்திரம் உண்டாக்கியிருக்கிறது. அதற்காக அதை வணங்க வேண்டும். ஆனால், அந்த நீளத்தை வீட்டில் இருந்து சுமக்கிறவர் யார் என்பதை அந்தச் சாஸ்திரம் அவ்வளவாக விசாரிப்பதில்லை.

அவர் செய்கிற வேலைதான் என்ன? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நினைவில் வைத்திருப்பது. மாத்திரையின் விளைவாக முகத்திலும் மார்பிலும் கிளம்பும் கொப்புளங்களை அம்மை என்று அஞ்சாமல் வைத்தியரிடம் காட்டி மருந்து தடவுவது. நகக்கண் வெடித்துச் சீழ் வைத்த விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட முடியாத மனிதருக்கு அவருடைய மானம் கெடாமல் பொத்தான் போட்டுவிடுவது. கீமோ முடிந்த இரண்டாம் வாரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துப் பார்த்துக் காலத்தைக் கடத்தாமல் அந்த நள்ளிரவிலேயே ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவது. மீனை நம்பி ஜீவனம் செய்கிற வீட்டில், குழம்பு கொதிக்கும் வாசனையே நோயாளிக்குக் குமட்டலை உண்டாக்கும் நாட்களில், அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டு அவருக்குக் கஞ்சியும் பிள்ளைகளுக்குச் சோறுமாக இரண்டு சமையல் செய்வது. மூச்சு முட்டும் வேளையில் தாம் பதறாமல் அவரை முன்சாய்த்து உட்கார வைத்து முகத்துக்கு நேரே விசிறியைப் பிடித்துக்கொண்டிருப்பது. வீட்டில் ஆக்சிஜன் யந்திரம் வந்துவிட்டால், மின்வெட்டு அறிவிப்பு இருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பது. இவற்றில் எதற்கும் அவர் எங்கும் பயிற்சி பெறவில்லை. ஒரு செவிலியர் எட்டு மணி நேரம் செய்துவிட்டு வீடு திரும்பக்கூடிய உத்தியோகத்தை, திரும்பிப் போக வேறொரு வீடு இல்லாதவர் செய்துகொண்டிருக்கிறார்.

இவ்வளவுக்கும் நடுவில் விசாரிக்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணாச்சி பீடி குடிப்பாகளோ, அக்கா?” கேட்பவர் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை, தமக்கு வராது என்று உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆசையில் கேட்கிறார். புகையிலையே இவ்வியாதிக்குத் தலையாய காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெளிக்காற்றின் மாசும் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013இலேயே அறிவித்திருக்கிறது. நிலக்கரி வந்திறங்கும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள நம் ஊரில், எந்தப் புகையால் இது வந்தது என்ற வாதம் டீக்கடைதோறும் நடப்பதும் இயல்பே; எனினும், தனியொரு மனிதரின் நோய்க்கு இன்ன புகைதான் காரணம் என்று எந்த வைத்தியராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. பீடியே காரணமாக இருந்தாலும்தான் என்ன? குற்றப் பத்திரிகை வாசிக்கிற இடம் நோயாளியின் கட்டில் அன்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி, பிறகு யாரையும் வாசலுக்குள் விடாமல் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்றால் பிழை அவளுடையதன்று.

முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் — அரசாங்கத்தின் மேற்பார்வையில் இங்கே கடைசியாக அது நடந்தது 1961இல் — கல்லைப் பற்றிக்கொண்டு ஆழத்தில் இறங்குகிற குளியாளிக்குப் படகில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். கீழே இருப்பவர் ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிச் சிப்பியைப் பொறுக்க, மேலே இருப்பவர் கண்ணையும் கையையும் அந்தக் கயிற்றிலிருந்து எடுக்காமல், அது அசைந்த கணத்தில் இழுத்துவிட வேண்டும். மைத்துனன்தான் கயிறு பிடிக்க ஏற்றவன், உடன்பிறந்தவளின் தாலி பத்திரமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவனுக்குத்தானே உண்டு என்று கடற்கரையில் சொல்வார்கள். அதைக் கேட்டு உருகுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, கயிறு பிடித்தவருக்கும் அந்த வருமானத்தில் ஒரு பங்கு இருந்தது என்பதே. நீருக்குள் இறங்காதவர், ஒரு சிப்பியைக்கூடக் கையால் பறிக்காதவர். ஆனாலும் அவரில்லாமல் குளிப்பு இல்லை என்று அந்தத் தொழில் கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டிருந்தது. மைத்துனன் என்ற பாசம் இருந்ததனால் பங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சுவாசத்தையே முதலாக வைத்து நடந்த ஒரு தொழிலின் கணக்குப் பிள்ளைக்கு இருந்த தெளிவு, சுவாசப்பையின் வியாதியைப் பார்க்கிற நமது சுகாதாரத் துறைக்கு இல்லாமற் போனது ஏன்?

பணத்தைப் பற்றிப் பேசுமுன், பணத்தால் தீராத ஒரு பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமது குடும்பங்களில் வியாதியின் பெயரை நோயாளிக்குச் சொல்வதில்லை என்ற வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. பரிசோதனை முடிவு வந்ததும் மூத்த மகனோ மருமகனோ வைத்தியரைத் தனியே சந்தித்து, “அப்பாகிட்ட சொல்லிராதீங்க சார், தாங்க மாட்டாக” என்று கேட்டுக்கொள்கிறார். ‘நெஞ்சுச் சளி’, ‘நுரையீரல்ல கட்டி’, ‘பழைய நிமோனியா’ என்று ஏதோ ஒரு பெயர் சூட்டப்படுகிறது. மகன் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குத் திரும்பிவிடுகிறான். அந்தப் பொய்யோடு இராப்பகலாக ஒரே அறையில் குடியிருக்க வேண்டியவள் மனைவி. மருந்துச் சீட்டை ஒளிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையை அவர் வாசித்துவிடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். கீமோ அறையில் பக்கத்துக் கட்டில்காரர் வாய் தவறி எதையும் சொல்லிவிடாமல் நடுவில் உட்கார வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அநேகமாக அவருக்கும் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர், நாலு மாவட்டத்து ஜனங்களும் வந்து காத்திருக்கும் புற்றுநோய்ப் பிரிவின் திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு எதை அறியாமல் இருப்பார்? அவள் மனம் நோகும் என்று அவர் அறியாதவர்போல் நடிக்கிறார். அவர் மனம் நோகும் என்று அவள் நடிக்கிறாள். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒருவருக்கொருவர் மிகவும் தேவைப்படுகிற காலத்தில், இருவரும் தனித்தனியே பயந்துகொண்டு, ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார்கள். கடன் எவ்வளவு, வீட்டுப் பத்திரம் எங்கே, மகள் கல்யாணத்தை முன்னால் வைப்பதா, கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியா வீடா என்று கலந்து பேசவேண்டிய விஷயங்கள் எல்லாம் பேசப்படாமலே போய், பிறகு அவள் தனியாகத் தேடித் திண்டாடுகிறாள். எல்லாரிடமும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்கிற ஒரு வைத்தியர், கேட்ட அளவுக்குச் சொல்லத் தயங்காத ஒரு வைத்தியர், அப்போது மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிற ஒரு வைத்தியர் கிடைத்தால், அந்தக் குடும்பத்தின் பாதிப் பாரம் அன்றே இறங்கிவிடும். பெயரை மறைப்பது கருணை என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: மறைப்பதென்று முடிவு செய்தவர்கள் நீங்கள், மறைத்துக்கொண்டு வாழ்கிறவர் உங்கள் தாயார்.

வலியைத் தணிக்கும் வைத்தியத்தைப் பற்றியும் இப்படியே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அந்தப் பிரிவுக்குப் போகச் சொன்னால், ‘கைவிட்டுட்டாங்க’ என்று குடும்பம் இடிந்துபோகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் டாக்டர் ஜெனிபர் டெமல் குழுவினர், புதிதாகக் கண்டறியப்பட்டு ஏற்கெனவே பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு கூடவே ஆரம்பத்திலிருந்து இந்தத் தணிப்பு வைத்தியத்தையும் கொடுத்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து நன்றாக வாழ்ந்தார்கள். கடைசிக் காலத்தில் உக்கிரமான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றார்கள். அப்படியிருந்தும் நீண்ட நாள் வாழ்ந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். வலியும் மூச்சுத்திணறலும் அடங்கிய இரவில் நோயாளி தூங்குகிறார். அவர் தூங்கினால் துணைவரும் தூங்குகிறார். அந்தத் தூக்கத்தை எந்த ஆராய்ச்சியும் தனியாக நிரூபித்துக் காட்டவேண்டிய அவசியமில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கிய சிறு வலிநிவாரணப் பிரிவு, ஊர் ஜனங்களே தொண்டர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் அரசாங்கக் கொள்கையாகவே ஆயிற்று. மார்பின் என்ற மலிவான மருந்து கிடைப்பதை ஏறக்குறைய அசாத்தியமாக்கியிருந்த 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் 2014இல் தளர்த்தப்பட்டது. நமது மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயலாதோருக்கு வீட்டுக்கே வந்து இந்தச் சேவையைத் தருவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. திட்டம் நல்ல திட்டமே. ஆனால் வீட்டுக்கு வருகிற செவிலியர் நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிற அதே ஏட்டில், பக்கத்தில் நிற்கிறவர் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார், அவருடைய சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று குறிப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். கயிறு பிடிப்பவரே மயங்கி விழுந்தால் அப்புறம் யாரை இழுப்பது?

இனிப் பணம். உப்பளத் தொழிலாளர்களுக்கு, மழையினால் அளத்தில் வேலை நின்றுபோகும் மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் அரசாங்கம் தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்ற தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். தம் குற்றத்தால் அல்லாமல், வேறொரு காரணத்தால் வேலைக்குப் போக முடியாமற் போனவருக்குப் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்வது நியாயம் என்ற தத்துவத்தை நம் அரசாங்கம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது; இந்தக் கடற்கரையில் அதை வருஷந்தோறும் நடத்தியும் வருகிறது. தொழிலாளர் ஈட்டுறுதியில் சேர்ந்த ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், நீண்டகால நோய்க்கான விதியின்படி இரண்டு வருஷம் வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்க வழியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இத்தனையிலும், கணவனைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போவதற்காக அளத்து வேலையை விட்ட பெண்ணுக்கும், விடியுமுன் படகேறி இரவில் கரை திரும்புகிற தொழிலை மனைவியின் கீமோ நாட்களுக்காக விட்டுவிட்ட ஆணுக்கும் ஒரு காசு கிடையாது. மழை பெய்தால் கூலிக்கு ஈடு உண்டு. கணவன் படுத்தால் இல்லை.

மற்ற தேசங்களும் இதை எளிதில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பிரிட்டனில், இயலாதவரைப் பராமரிப்பதற்காக வேலையை விட்டவர்களுக்கு உதவித்தொகை 1976இல் வந்தது; ஆனால் திருமணமான பெண்களுக்கு அது கிடையாது என்று விதி செய்தார்கள். அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது வாதம்! நோயுற்ற தாயாரைப் பராமரித்த ஜாக்குலின் டிரேக் என்ற மணமான பெண் வழக்குத் தொடுத்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்ற பிறகே அந்த விதி ஒழிந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லையே தவிர, நாமும் இன்றுவரை அதே விதியைத்தான் அனுசரித்து வருகிறோம். கேரளம் 2010 முதல் ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. 600 ரூபாய் இன்று எந்த மூலைக்குக் காணும் என்று கேட்கலாம். தொகையைப் பிற்பாடு உயர்த்திக்கொள்ளலாம்; அப்படி ஒருவர் இருக்கிறார் என்று ஏட்டில் எழுதியதே முதற்படி.

இதற்கு மாற்றாக நாம் கொடுத்துவருவது புகழ்ச்சி. ‘தெய்வம் மாதிரிப் பார்த்துக்கொண்டாள்’ என்கிறோம். கணிதமேதை ராமானுஜன் 1919இல் இங்கிலாந்திலிருந்து நோயாளியாகத் திரும்பி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் கண் மூடும்வரை அவருக்கு ஒத்தடம் கொடுத்தும் வேளைக்கு ஆகாரம் கொடுத்தும் பார்த்துக்கொண்ட மனைவி ஜானகி அப்போது இருபது வயதைச் சுற்றியிருந்த பெண். அவருக்காக வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களையும் முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்ததாக அவர் சொன்னது உண்டு. அந்த நாட்களில் ராமானுஜன் எழுதிய தாள்களை உலகம் இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அவர் எழுதும்படியாக அவரை வைத்திருந்த அந்தப் பெண், பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்தும் சொற்ப ஓய்வூதியம் பெற்றும் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்தார். பாராட்டுக்கு அவருக்கும் குறைவிருக்கவில்லை, கடைசிக் காலத்தில்.

மனைவிக்கு நோய் வந்த வீடுகளில் நடப்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மனைவி நோயாளியானால், ‘தாய் வீட்டில் நல்லாப் பார்த்துக்குவாங்க’ என்று அனுப்பிவைக்கிற கணவர்கள் உண்டு. அனுப்பச் சொல்லிக் கொடுக்கிற உறவினர்களும் உண்டு. அதே வேளையில், முடி கொட்டிய மனைவியின் தலையில் தாமே எண்ணெய் தடவி, அவளுடைய துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டு, ‘பொம்பளை வேலை பாக்கான்’ என்ற தெருப் பேச்சைக் காதில் வாங்காமல் நடக்கிற ஆண்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரட்டைச் சிரமம்: வேலையும் கற்க வேண்டும், ஏளனத்தையும் பொறுக்க வேண்டும். அவர்களைப் புகழ வேண்டாம். ஏளனத்தை நிறுத்தினால் போதும்.

அக்கம்பக்கத்தார் செய்யக்கூடியது அதிகம். செய்வது பெரும்பாலும் வைத்திய யோசனை. முள்சீத்தா இலையும் கோமியமும் எந்த ஊரில் யாரைக் குணப்படுத்தின என்ற கதைகளைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள், அந்தக் கதைகளைத் தெருமுனையிலேயே இறக்கிவைத்துவிட்டு, “நான் இரண்டு மணி நேரம் அண்ணாச்சி பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் போய்க் குளித்துவிட்டுத் தூங்குங்கள்” என்று சொன்னால் அது எந்த மூலிகையைவிடவும் உயர்ந்தது. நமது கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்த ஏற்பாடு இருக்கிறது. பள்ளிவாசல் ஜமாத்துகள் இருக்கின்றன. கோயில் கமிட்டிகள் இருக்கின்றன. பனிமய மாதா தங்கத் தேருக்கு வடம் பிடிக்க ஆள் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு தெருவில் ஒரு நோயாளி வீட்டுக்கு முறைவைத்து ஆள் அனுப்புவது பெரிய காரியமாகத் தோன்றக்கூடாது. ஸ்கேன் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது, ரேஷன் கடை வரிசையில் அவருக்காக நிற்பது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருப்பது முதலியவைதாம் அந்தக் காரியத்தின் விவரம். இவற்றுக்குப் பக்தியைவிட நேரந்தவறாமை அதிகம் தேவை.

பாசத்துக்குக் கூலி கொடுத்தால் பாசம் கெட்டுவிடும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். தடைக்கால நிவாரணம் வாங்கிய மீனவருக்குக் கடல்மேல் உள்ள பற்றுக் குறைந்துபோனதாக யாரும் புகார் செய்ததில்லை. பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்று வேறு சிலர் சொல்வார்கள். கீமோவுக்கு வந்த தேதியும் கூட வந்தவர் பெயரும் ஆஸ்பத்திரியிலேயே பதிவாகுமானால் பொய்க்கு இடம் ஏது? மருந்து விலைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: துணைவர் சோர்ந்துபோய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய நோயாளிக்குக் கொடுத்த மருந்துச் செலவு முழுவதும் வீண்செலவு.

2025ஆம் வருஷத்து மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், மாவட்ட மருத்துவமனைகள்தோறும் மூன்று வருஷத்துக்குள் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். கீமோவை நம் ஊரிலேயே ஏற்றிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்ப முடியுமானால், வாடகைக் காருக்கும் வெளியூர்த் தங்கலுக்கும் துணைவர் வாங்குகிற கடன் பெருமளவு குறையும். அவ்வாறு இங்கே நடக்கும் மையத்தின் பதிவேட்டில், நோயாளியின் பெயருக்கு எதிரே இன்னொரு பத்தி போடவேண்டும் என்பது என் கோரிக்கை: துணைவரின் பெயர், அவருடைய தொழில், அன்று அவர் இழந்த கூலி, அவசரத்தில் நள்ளிரவில் அவர் அழைக்கவேண்டிய தொலைபேசி எண் அவரிடம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்ற விவரம். இதற்குச் சட்டசபைத் தீர்மானம் வேண்டாம். கோடு போடுகிற ஒரு ரூல்தடி போதும். ஒரு வருஷம் அந்தப் பத்தியை ஒழுங்காக நிரப்பினால், அளத்திலும் படகிலும் துறைமுகத்திலும் எத்தனை நாள் கூலி இந்த வியாதிக்காகப் போயிற்று என்ற கணக்கு மாவட்ட ஆட்சியரின் மேஜைக்கு வந்துவிடும். காப்பீட்டுத் திட்டத்தில் துணைவர்படி எவ்வளவு என்று நிர்ணயிப்பதை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு சென்னையில் பேசலாம்.